நாலே முக்கால்

"பாப்பா, இது ஸ்கூல் லீவ் லெட்டர் இல்ல. துப்பாக்கி லைசென்ஸு. உன்னால ஆவாது. போய் நெழல்ல குந்து."

தாலுகா ஆபீஸ் வாசலில் தட்டச்சு எந்திரத்தோடு உட்கார்ந்திருந்த மனு எழுதுபவர் என்னிடம் சொன்னது இது. அப்போது நான் பி.காம். இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடப் படி ஏறியவர் யாரும் இல்லை. கல்லூரிப் பையை ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில்கூடக் கீழே வைக்காமல் நெஞ்சோடு அணைத்து நிற்கிற காலம். என்னைப் போய் நிழலில் உட்காரச் சொல்கிறார்!

துப்பாக்கி என்னுடையது அல்ல. என் பக்கத்தில் நின்றவருடையது. அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். ரத்த உறவு கிடையாது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலி, அவ்வளவுதான் உறவு.

"இன்னாண்ணே நீ?" என்றார் அத்தை மனு எழுதுபவரிடம். "மூணு வருசத்துக்கு ஒரு தபா வர்றேன். நீயும் அதே மூணு வரிய அடிச்சி அடிச்சிக் குடுக்கற. பொண்ணு டிகிரி படிக்குது. இந்த தபா அது எழுதட்டும்."

எழுதினேன். என் எழுத்தால்தான் அத்தையின் துப்பாக்கி கிட்டத்தட்டப் பறிபோனது. ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தால்தான் நான் செய்த தப்பு புரியும்.

பிள்ளைப்பாக்கம் ஏரிக்குக் கிட்டே அவருக்கு ஒன்றே கால் ஏக்கர் இருந்தது. நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அதைச் சுற்றிலும் வயல்தான். ஒன்பதாவதுக்கு வந்தபோது வடக்கே ஒரு கம்பெனி மதில் எழும்பியது. பத்தாவதில் தெற்கே இன்னொன்று. இரண்டு மதிலுக்கும் நடுவில் அத்தையின் வேர்க்கடலை மட்டும் பச்சையாக மிஞ்சியது. ஏரிக்கரை வேலிக்காத்தான் புதரில் இருந்த காட்டுப்பன்றிகளுக்கும் மேய வேறு இடம் மிஞ்சவில்லை.

துப்பாக்கியை வாங்கியவர் அவருடைய மாமனார். கணவர் காலமான பிறகு பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் அத்தை பெயருக்கு மாறியது. ஊரில் எல்லோரும் துப்பாக்கி என்றுதான் சொல்வார்கள். அவர் திருத்துவார்.

"துப்பாக்கி போலீஸ்காரன் வச்சிகினு கீறான். இது ரைபிளு."

வித்தியாசம் என்னவென்று கேட்டால், "அது மன்சன சுடும். இது சுடாது" என்பார்.

மெல்லிய குழலும் தேய்ந்து பளபளத்த மரக்கட்டையுமாக அது பார்ப்பதற்கே சாதுவாக இருக்கும். பெருச்சாளி, காக்கை அளவுக்குத்தான் அதற்குச் சக்தி. அத்தை வீட்டுப் பின்பக்கம் மூன்று அறைகள் கட்டி, கம்பெனி வேலைக்கு வந்த திருநெல்வேலிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவர்களில் ஒருவன் சொன்னான்: "அத்தை, இத வச்சு பன்னியச் சுட்டீயன்னா, யாரோ முதுகு சொறிஞ்சு விடுதாவன்னு நெனச்சு அது திரும்பிப் படுத்துக்கிடும்."

அத்தை பன்றியைச் சுட்டதில்லை. சுடக்கூடாது என்று சட்டமும் சொல்கிறது. அதை அவர் சட்டம் தெரியாமலே கடைப்பிடித்தார். அவர் செய்தது வேறு.

அவருக்கு ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை, ஜெனரல் ஷிப்ட். ஏழரைக்குக் கம்பெனி பஸ். அதற்கு முன்னால், விடிந்ததும் விடியாததுமாக, சேலைக்கு மேல் நீலச் சட்டை மாட்டி, கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க, தோளில் ரைபிளோடு வரப்பில் போய் நிற்பார். கடலைச் செடிக்குள் பன்றிகள் முட்டிக்கொண்டு மேயும். இவர் தொண்டையைச் செருமுவார்.

"யோவ்! வந்துட்டேன். அஞ்சி எண்ணுவேன். அதுக்குள்ள அல்லாரும் கெளம்பிடணும். அப்பறம் சொல்லலன்னு சொல்லக்கூடாது."

அந்தக் குரல் எங்கள் வீட்டு அலுமினியத் தட்டுகளை அதிர வைக்கும். நான் எழுந்து உட்காருவது அதைக் கேட்டுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு வேகமாக வரும். நாலுக்குப் பிறகு வேகம் குறையும்.

"நாலே காலு..."

குட்டிகள் கிளம்பும்.

"நாலர..."

தாய்ப்பன்றிகள்.

"நாலே முக்காலு..."

வால் தூக்கிய கிழட்டு ஆண் பன்றி, அவசரமே இல்லாமல், கடைசி ஆளாகப் புதருக்குள் நுழையும். ஐந்தை நான் அதிகம் கேட்டதில்லை.

இதுதான் அத்தை. முன்கூட்டிச் சொல்லாமல் அவர் எதையும் செய்ததில்லை. எங்கள் கோழி ஒருமுறை வேலி தாண்டிப் போய் அவர் காயவைத்த கடலையைக் கிளறிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் அம்மாவிடம் சொன்னார்: "நாளைக்கு ஞாயித்துக்கெயம. பத்து மணிக்கு உன்னாண்ட சண்ட போட வருவேன். வூட்ல இரு." அம்மாவும் வீட்டில் இருந்தாள். டீ போட்டு வைத்தாள். பத்து மணிக்கு வந்தார், கால் மணி நேரம் மனமாரச் சண்டை போட்டார், டீயைக் குடித்தார், போனார்.

வாடகைப் பையன்கள் பாட்டைச் சத்தமாக வைத்தால் கதவுக்கு வெளியே நின்று எண்ணுவார். அவர்கள் நாலரையில் அணைப்பார்கள். "ஏன்டா, நாலுலயே அணைச்சா கொறஞ்சிடுவீங்களா?" என்று கேட்டதற்கு, "பன்னியளுக்கு மட்டும் நாலே முக்கால், எங்களுக்கு நாலா அத்தை? நியாயமா சொல்லுங்க" என்றான் அந்தத் திருநெல்வேலிக்காரன். அத்தை யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

நான் பத்தாவது முடித்ததும் என்னை செல்போன் கம்பெனி லைனில் சேர்த்துவிட அப்பா முடிவு செய்தார். ஊரில் பாதிப் பெண்கள் அங்கேதான் போனார்கள். அப்பா ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி; அவர் கும்பிடு போட்டால் வேலை கிடைத்துவிடும். நான் அழுத அழுகை வேலி தாண்டிப் போயிருக்க வேண்டும். அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ரைபிள்கூட இல்லை.

"அண்ணே, பொண்ணு படிக்கும். நான் அஞ்சி எண்றேன். ஒண்ணு..."

"யம்மா, இன்னாம்மா இது, பன்னிய வெரட்ற மாதிரி..."

"ரெண்டு..."

அப்பா மூன்றிலேயே சரணடைந்தார். பன்றிகளுக்கு அவரைவிட நெஞ்சழுத்தம் அதிகம்.

ரைபிள் வெடித்ததே இல்லை என்று சொல்லமுடியாது. நான் பார்க்க ஐந்து வருஷத்தில் மூன்று தடவை வெடித்திருக்கிறது. ஒன்று, அது வேலை செய்கிறதா என்று வரப்பு மண்ணில் சுட்டுப் பார்த்தது. இரண்டாவது, பெருச்சாளிக்குக் குறிவைத்து, தன்னுடைய சொந்தப் பிளாஸ்டிக் குடத்தைச் சுட்டது. முன்னால் ஓர் ஓட்டை, பின்னால் ஓர் ஓட்டை. அந்தக் குடத்தைத் தூக்கிப் போடாமல், "ரெண்டு பக்கமும் தண்ணி வுடும், வசதி" என்று கீரைப் பாத்திக்கு வைத்துக்கொண்டார். மூன்றாவது, ஐந்து எண்ணியும் நகராத ஒரு பன்றிக்குப் பத்தடி முன்னால் தரையில் சுட்டது. அதைக் கேட்டுப் புதரில் இருந்த மற்றவையெல்லாம் ஏரிக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டன. இந்தப் பன்றி மட்டும் நிமிரக்கூட இல்லை. "பாவம், காது கேக்கல போல கீது" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நிலம் வாங்கித் தரும் புரோக்கர்கள் வெள்ளைச் சட்டையில் வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, இரண்டு மதிலுக்கு நடுவே ஒற்றை நிலம். எழுதி வாங்கிவிடலாம் என்று நினைப்பார்கள். அத்தை அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்து ரைபிளுக்கு எண்ணெய் போடுவார். ஒருநாளும் யார் பக்கமும் அதைத் திருப்பியதில்லை. குழலைத் துடைத்துக்கொண்டே, "குட்க்கறதில்லண்ணே" என்பார். அதற்கு மேல் அவர்கள் கேட்கமாட்டார்கள். பயிருக்கு வாங்கிய லைசென்ஸ் நிலத்துக்கும் காவலாக இருந்தது.

தேர்தல் என்று அறிவித்துவிட்டால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஆயுதத்தை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அத்தை ரைபிளைக் கோரைப்பாயில் சுருட்டி, ஷேர் ஆட்டோவில் மடியில் கிடத்திக்கொண்டு போவார். கூடவே ஒரு பாட்டில் எண்ணெய், பழைய வேட்டித் துணி. ஒருமுறை நானும் துணைக்குப் போனேன். வாங்கி வைத்த போலீஸ்காரர் சிரித்தார்.

"இன்னாம்மா, பொண்ண மொத தபா மாமியார் வூட்ல வுட்டுட்டுப் போற மாதிரி நிக்கற?"

"வாரத்துக்கு ஒரு தபா எண்ண போடு சார். துரு புடிச்சிச்சின்னா நான் வந்து கேப்பேன். இப்பவே சொல்லிட்டேன்."

நான் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது வந்த பாராளுமன்றத் தேர்தலுக்கும் அப்படித்தான் ஒப்படைத்தார். ஓட்டு எண்ணி முடிந்து திரும்ப வாங்கப் போனபோது, லைசென்ஸ் காலம் நடுவில் முடிந்துவிட்டது, புதுப்பித்து வந்தால்தான் தருவோம் என்றார்கள். அப்படித்தான் நாங்கள் தாலுகா ஆபீஸ் வாசலில் போய் நின்றதும், நான் நிழலுக்கு அனுப்பப்பட்டதும், அத்தை என் கையில் பேனாவைக் கொடுத்ததும்.

இரண்டு பக்கம் எழுதினேன். எழுத எழுத எனக்கே பெருமையாக இருந்தது. விண்ணப்பதாரர் ஓர் உயிரைக்கூடக் கொல்லாதவர் என்று எழுதினேன். ஐந்தாண்டுகளில் மூன்று தோட்டாக்களை மட்டுமே பயன்படுத்திய பொறுப்புள்ளவர் என்று எழுதினேன். அவருடைய குரலைக் கேட்ட மாத்திரத்தில் பன்றிகள் அகன்றுவிடும் என்றும் எழுதினேன். இவ்வளவு நல்லவருக்குத் துப்பாக்கி கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

விசாரணைக்கு ஒரு வருவாய் ஆய்வாளர் பைக்கில் வந்தார். உச்சிவெயில். அறுவடை முடிந்து உழுது போட்ட வெறும் நிலம்.

"பன்னி எங்கம்மா?"

"இப்ப வராது சார். அது ஃபர்ஸ்ட் ஷிப்டு."

அவர் சிரித்துவிட்டு என் மனுவைப் படித்தார். என்னைப் பார்த்தார். "நீ எழுதுனதா? நல்லாருக்கும்மா கையெழுத்து" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. அத்தைக்குப் படித்துக் காட்ட உட்கார்ந்தேன். 'மனுதாரர் குரல் எழுப்பியே விலங்குகளை விரட்டி வருவதாக அவரே தமது மனுவில் தெரிவித்துள்ளபடியாலும், ஐந்தாண்டுகளில் மூன்று தோட்டாக்களே செலவாகியுள்ளபடியாலும், ஆயுதத்தின் அவசியம் எழவில்லை எனக் கருதி மனு நிராகரிக்கப்படுகிறது.'

என் வாக்கியங்கள்தான். கம்பீரமாகத்தான் இருந்தன. மூன்று வரி தட்டிக் கொடுத்தவர் ஒவ்வொரு முறையும் வாங்கிக் கொடுத்ததை, இரண்டு பக்கம் எழுதி நான் தொலைத்துவிட்டேன்.

அத்தை திட்டுவதற்கு முன் எண்ணத் தொடங்குவார் என்று காத்திருந்தேன். எண்ணவில்லை. அன்று மாலையே ஒரு புரோக்கர் வந்தார். அத்தை வெறுங்கையோடு உட்கார்ந்து, "குட்க்கறதில்லண்ணே" என்றார். அவர் கிளம்பவில்லை. இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த நாள் மூன்று பேராக வந்தார்கள். கையெழுத்துப் போடுகிற இடத்தில் பென்சிலில் குறிகூட வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

அவர்கள் போன பிறகு வேலி ஓரமாக நின்று, "அத்தே, நான் தான் கெடுத்துட்டேன்" என்றேன்.

"நீ எழுதுனது எல்லாம் நெஜம் தான?"

"நெஜம் தான்."

"எலெக்சனப்ப இன்னா ஆச்சின்னு எழுதுனியா?"

எழுதவில்லை. ரைபிள் ஸ்டேஷனில் இருந்த மாதங்களில்தான் கடலை முற்றும். அத்தை வெறுங்கையோடு போய் எண்ணுவார். முதல் வாரம் பன்றிகள் வழக்கம்போல மரியாதையாகக் கிளம்பின. இரண்டாவது வாரம் ஐந்து வரைக்கும் நின்று என்ன நடக்கிறது என்று பார்த்தன. ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வாரம் அவர் எண்ண எண்ணவே மென்றுகொண்டிருந்தன. ஒவ்வொரு தேர்தலிலும் பாதிக் கடலை பன்றிக்குப் போனது.

"ஏன்டி எழுதல?"

"உங்கள பன்னி மதிக்கலன்னு எழுதச் சொல்றீங்களா அத்தே?"

"மதிக்கல தான? எழுதேன். எனக்கு இன்னா வெக்கம்? மறுபடி எழுது. நெஜத்தையே எழுது. கொஞ்சம் கம்மியா எழுது."

உத்தரவின் அடியில், முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று பொடி எழுத்தில் இருந்தது. முதல் தடவை படித்தபோது அழுகையில் அதை விட்டிருந்தேன். கிராம நிர்வாக அலுவலரிடம் போய், தேர்தல் வந்த வருஷங்களுக்கும் வராத வருஷங்களுக்கும் விளைச்சல் கணக்கு எழுதும் அடங்கல் பதிவேட்டின் நகல் வாங்கினேன். ஒரே ஒரு பக்கம் எழுதினேன். ரைபிள் வீட்டில் இருந்த பருவங்களில் விளைச்சல் இது, ஸ்டேஷனில் இருந்த பருவங்களில் இது. அத்தையின் நல்ல குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை எழுதாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

விசாரணைக்குச் சென்னைக்கு வரச் சொன்னார்கள். பழைய கட்டடம், இரண்டாவது மாடி. அத்தை லீவ் போட்டிருந்தும் நீலச் சட்டையும் ஐ.டி. கார்டும் மாட்டிக்கொண்டு வந்தார். அது இருந்தால் மதிப்பார்களாம்.

அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீங்க வக்கீலா?"

"இல்ல சார். பக்கத்து வீடு."

நான் எழுதிய அந்த ஒரு பக்கத்தைப் படித்தார். முந்தைய மனுவையும் எடுத்துப் படித்தார். அதைப் படிக்கும்போது அவர் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "குரலுக்கே ஓடும்னு இதுல இருக்கு. ஓடாதுன்னு அதுல இருக்கு. எதும்மா உண்மை?"

"ரெண்டும் சார்" என்றேன்.

"அது எப்படி ரெண்டும்?" அத்தை பக்கம் திரும்பினார். "அப்படி என்னம்மா குரல்? எங்க, எண்ணிக் காட்டுங்க பார்ப்போம்."

"இங்கயா சார்? சத்தமா இருக்கும். இப்பவே சொல்லிட்டேன்."

"பரவாயில்லை."

அத்தை எழுந்தார். தொண்டையைச் செருமினார். "யோவ்! வந்துட்டேன்!" என்றதும் வெளியே காவலுக்கு இருந்த டவாலிச் சேவகர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். ஒன்று, இரண்டு. மேசை மேல் இருந்த கண்ணாடித் தம்ளர் மூடி ஆடியது. மூன்று. நாலு. பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. நாலே காலுக்கு வாசலில் நான்கு பேர். நாலரைக்குப் பத்துப் பேர். நாலே முக்காலுக்கு அதிகாரியே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"அஞ்சி!"

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். எல்லோரும் அத்தையைப் பார்த்தபடி நின்றார்கள். அத்தை அவர்களைப் பார்த்தபடி நின்றார்.

"அப்புறம்?" என்றார் அதிகாரி.

"அப்பறம் ஒண்ணும் இல்ல சார். அவ்ளோ தான்" என்றார் அத்தை. "பன்னியும் இப்டி தான் பாத்துகினு நிக்கும்."

முதலில் சிரித்தவர் டவாலி. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்து, அடங்கல் நகல்களை ஒவ்வொன்றாக எடுத்து, பேனாவால் அடிக்கோடு போட ஆரம்பித்தார்.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டது. ஸ்டேஷனில் ரைபிளைக் கையில் வாங்கியதும் அத்தை குழலை முகர்ந்து பார்த்து, "எண்ணயே போடல சார் நீ" என்று போலீஸ்காரரைக் கேட்டுவிட்டுத்தான் பாயில் சுருட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமை பென்சில் குறிக்காரர்கள் வந்தபோது வாசலில் உட்கார்ந்து குழலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் அத்தை வாசலுக்கு வராமல், எங்கள் வீட்டுப் பக்கமே நின்று அப்பாவிடம் வழி கேட்பது மாதிரி எதையோ கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்த வருஷம் என் பட்டப்படிப்பு முடிவு வந்தது. முதல் வகுப்பு. அன்று சாயங்காலம் அப்பா சீருடையைக் கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்தார். அவர் கேட்டில் நிற்கும் கம்பெனியில் கணக்குப் பிரிவில் ஓர் இடம் காலியாம், ஹெச்.ஆர். சாரிடம் சொல்லிவைத்துவிட்டாராம், ஏ.சி. ரூமாம்.

அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பையிலிருந்து ஒரு தபால் ரசீதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நானே படித்துக் காட்டினேன்: சட்டக் கல்லூரிச் சேர்க்கைக்கான விண்ணப்பம், பதிவுத் தபால், இன்று காலை பத்து இருபது.